பழைய சேலை, கொஞ்சம் நூல், தினமும் 15 நிமிடம்... வீட்டுக்குள் ஒரு போர்வை தைப்போமா?

உங்க வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு துணி மூட்டை கண்டிப்பாக இருக்கும். அம்மாவின் சாயம் போன காட்டன் சேலை, அப்பாவின் காலர் நைந்த சட்டை, பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன கவுன், நாலு தடவை போட்டு அலுத்துப்போன துப்பட்டா. தூக்கிப்போட மனசு வராது. உடுத்தவும் முடியாது. கரித்துணி ஆக்கலாமா, பாத்திரக்காரருக்குப் போடலாமா என்று யோசித்தே வருஷங்கள் ஓடியிருக்கும்.

அந்த மூட்டைக்கு இன்னொரு வழி இருக்கு. துண்டு துண்டாக வெட்டி, சேர்த்து, கையாலேயே ஒரு போர்வை தைப்பது. மெஷின் வேண்டாம், கிளாஸ் போக வேண்டாம். ‘வேலை, வீடு, குழந்தைன்னு ஓடுற எனக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம்?’ என்று கேட்கிறீர்களா? நேரமே இல்லாதவர்களுக்குத்தான் இது ரொம்பப் பொருத்தம். எப்படி என்று பார்ப்போம்.

குவில்ட் வேற, எம்பிராய்டரி வேறயா?

மேலே ஒரு துணி, நடுவில் கதகதப்புக்கு ஓர் அடுக்கு, கீழே ஒரு துணி. இந்த மூன்றும் விலகாதபடி மொத்தமாகக் குத்தித் தைத்தால், அதுதான் குவில்ட். மேல் துணியைச் சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துச் செய்தால் அது பேட்ச்வொர்க். பழைய சேலையை நாலாக மடித்து, ஓரம் தைத்து, குழந்தையைப் படுக்கவைக்கப் பாட்டிகள் விரிப்பார்களே... அதுவும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான்.

எம்பிராய்டரி என்பது துணி மேல் நூலால் வரையும் படம். இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே: ஊசி மேலே வந்து கீழே போகும் ரன்னிங் ஸ்டிச். ஒன்றைப் பழகிவிட்டால் இன்னொன்றில் பாதி வந்துவிடும். அதனால் சின்னதாக எம்பிராய்டரியில் ஆரம்பித்து, கை பழகியதும் போர்வைக்குப் போவது நல்ல வழி.

குறுக்கே யார் வந்தாலும் கெடாத வேலை

பெயின்டிங் என்றால் கலந்து வைத்த கலர் காய்ந்துவிடும். கேக் என்றால் பாதியில் எழுந்து போக முடியாது. தையல் மெஷின் என்றால் சத்தத்தில் தூங்குற குழந்தை எழுந்துவிடும். பொழுதுபோக்குகளில் பாதி, ‘ஒரு ரெண்டு மணி நேரம் யாரும் தொந்தரவு பண்ணாதீங்க’ என்று கேட்கும். குடும்பத்தில் இருப்பவருக்கு அந்த ரெண்டு மணி நேரம் தீபாவளி, பொங்கலுக்குக்கூடக் கிடைக்காது.

கைத்தையல் அப்படி எதுவும் கேட்காது. குக்கர் விசில் வந்தால் ஊசியைத் துணியில் குத்தி டப்பாவுக்குள் வைத்துவிட்டு எழுந்துபோகலாம். திரும்பி வந்தால் விட்ட இடம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு துணிப்பைக்குள் அடங்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, டியூஷன் வாசலில், ஆஸ்பத்திரி வரிசையில் எல்லாம் எடுக்கலாம். கை ரெண்டும் பிஸியாக இருப்பதால் ரீல்ஸ் தள்ளவும் முடியாது என்பது போனஸ்!

அடுப்படிக்கும் வயலுக்கும் நடுவே

இந்தக் கலை பிறந்த இடங்களைப் பார்த்தாலே இது புரியும். வங்காளத்தின் காந்தா போர்வைகள், பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ரன்னிங் ஸ்டிச்சால் தைக்கப்பட்டவை. தைக்கிற நூலைக்கூடப் பழைய சேலையின் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். அன்றாட வேலைகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில், வீட்டுப் பெண்கள் தைத்தது.

நமக்குப் பக்கத்து மாநிலமான கர்நாடகாவின் உத்தர கன்னடா பகுதியில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான ஸித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் பெண்கள் தைக்கும் கவந்தி போர்வைக்கு அளவும் கிடையாது, வரைபடமும் கிடையாது. ஓரத்தில் ஆரம்பித்து, கிடைக்கிற துண்டுகளை வைத்துத் தைத்தபடியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு ‘பூ’ வைப்பார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த ஜீன்ஸையும் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்புகளையும் வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002-ல் ஹூஸ்டன் நகர மியூசியத்திலும் நியூயார்க்கின் விட்னி மியூசியத்திலும் அந்தப் போர்வைகள் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006-ல் அவற்றை வைத்து அமெரிக்க அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது.

எம்பிராய்டரிக்கு நம்ம நீலகிரியே போதும். தோடர் பெண்கள், வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் முன்கூட்டியே படம் வரைவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே டிசைன் போடுகிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. காந்தாவும் ஜீஸ் பெண்ட் போர்வைகளும் யாரும் ‘ஹாபி’க்காக ஆரம்பித்தவை கிடையாது. குளிருக்குப் போர்வை வாங்கக் காசில்லாத வீடுகளின் தேவை அது. நமக்குக் கடையில் போர்வை கிடைக்கிறது. நாம் விரும்பித் தைக்கிறோம். அதனால் அவசரம் வேண்டாம், யாரோடும் போட்டியும் வேண்டாம்.

முதல் வாரம்: ஒரு கைக்குட்டை அளவு

தேவையானவை ரொம்பக் கம்மி. எம்பிராய்டரி ஊசி ஒரு பாக்கெட், 5 அல்லது 6 இன்ச் வளையம் ஒன்று, நூல் நாலைந்து கலர், சின்னக் கத்தரிக்கோல், வெளிர் நிறக் காட்டன் துணி. ஃபேன்ஸி ஸ்டோரிலோ டெய்லரிங் சாமான் கடையிலோ எல்லாமே கிடைக்கும்.

எம்பிராய்டரி நூல் பொதுவாக 6 இழைகள் சேர்ந்தது. ஆறையும் அப்படியே கோர்த்தால் தடிமனாகி முரண்டு பிடிக்கும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளத்துக்கு வெட்டி, ஒவ்வோர் இழையாக உருவி, இரண்டை மட்டும் சேர்த்துக் கோர்த்துக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பிரித்தால் சிக்கு விழும். நூலை நீளமாக வைத்தாலும் அதே கதைதான்.

துணி வளையத்துக்குள் மேளம் மாதிரி விறைப்பாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் வட்டமாகத் தடம் விழுந்துவிடும்.

பழக வேண்டியது நாலே தையல். ரன்னிங் ஸ்டிச் தெரியும். கோடு இடைவெளி இல்லாமல் வர பேக் ஸ்டிச்: ஊசியை ஒரு தையல் தள்ளி மேலே எடுத்து, பின்னால் வந்து முந்தைய தையல் முடிந்த இடத்தில் இறக்குங்கள். இலைக்கும் கொடிக்கும் செயின் ஸ்டிச். கண்ணுக்கும் பூவின் நடுவுக்கும் பிரெஞ்ச் நாட்: நூலை ஊசியில் இரண்டு சுற்று சுற்றி, நூலை இழுத்துப் பிடித்தபடி, வந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்க வேண்டும். முதல் பத்து முடிச்சும் சொதப்பும். பரவாயில்லை.

எதைத் தைப்பது? இன்டர்நெட்டில் ரோஜாப்பூ தேடாதீங்க. உங்க வீட்டுக் குட்டி வரைந்த யானையை எடுங்க. ஜன்னல் கண்ணாடியில் அந்தப் பேப்பரை ஒட்டி, மேலே துணியை வைத்தால் வெளிச்சத்தில் கோடு தெரியும். பென்சிலால் லேசாக வரைந்து, பேக் ஸ்டிச்சில் போடுங்க. நாலு காலுக்குப் பதிலா அஞ்சு இருந்தாலும் அப்படியே! அல்லது பாட்டி ரெசிபி நோட்டில் எழுதிய ‘வத்தக்குழம்பு’ என்ற ஒரு சொல்லை அவர் கையெழுத்திலேயே எடுங்க. கடையில் வாங்க முடியாத டிசைன் இதுதான்.

சிவப்பு, நீலம் போன்ற அழுத்தமான கலர் நூலை, தைப்பதற்கு முன்பே ஈரமாக்கி ஒரு வெள்ளைத்துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூல் வேண்டாம்.

இப்போது போர்வை: 64 சதுரங்களின் கணக்கு

முதல் போர்வையே டபுள் காட் சைஸில் வேண்டாம். 36 இன்ச் சதுரம் போதும். குழந்தைக்குத் தரையில் விரிக்கலாம், சோபாவில் மடியில் போட்டுக்கொள்ளலாம்.

கணக்கு இதுதான். 5 இன்ச் சதுரமாக வெட்டுங்கள். நாலு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள் போய்விடும். மிஞ்சுவது நாலரை இன்ச். வரிசைக்கு 8 சதுரம், மொத்தம் 8 வரிசை. ஆக 64 சதுரம், 36 இன்ச் போர்வை.

துணி தேர்வு: முதல் தடவைக்குக் காட்டன் மட்டும். பட்டும் நைலானும் வழுக்கும். துணியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். இழை விட்டால் ஒதுக்கிவிடுங்கள். மற்றதைத் துவைத்து, காயவைத்து, அயர்ன் பண்ணிக்கொள்ளுங்கள். சுருங்குகிற துணி இப்போதே சுருங்கட்டும்.

வெட்டுதல்: பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 5 இன்ச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். அதைத் துணி மேல் வைத்து வரைந்து வெட்டினால் எல்லாம் ஒரே அளவில் வரும். பின்பக்கம் கால் இன்ச்சில் தையல் கோடும் போட்டுவிடுங்கள்.

அடுக்குதல்: 64-ஐயும் தரையில் பரப்பி, கலர் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். பிடித்ததும் உடனே செல்போனில் ஒரு போட்டோ! ஃபேன் காற்றோ குழந்தையோ வந்து கலைத்தாலும் போட்டோவைப் பார்த்து அடுக்கிவிடலாம். பிறகு ஒவ்வொரு வரிசையையும் தனித்தனி அடுக்காக்கி, நம்பர் எழுதிய சீட்டைக் குத்திவையுங்கள்.

இணைத்தல்: இரண்டு சதுரங்களின் நல்ல பக்கங்களை ஒன்றை ஒன்று பார்த்தபடி வைத்து, கோட்டின் மேல் ரன்னிங் ஸ்டிச் போடுங்கள். நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஒரு பேக் ஸ்டிச் போட்டால் பிரியாது. எட்டு சதுரம் சேர்ந்தால் ஒரு வரிசை. பிறகு வரிசையோடு வரிசை.

மூன்று அடுக்கு: ஒரு பழைய காட்டன் சேலை இருந்தால் போதும். அஞ்சரை மீட்டர் சேலையில் 40 இன்ச் நீளத்துக்கு அஞ்சு துண்டு வரும். ஒன்று அடித்துணிக்கு, இரண்டு நடு அடுக்குக்கு. நம்ம ஊர் வெயிலுக்குப் பஞ்சு வைப்பதைவிட இது இதம். அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, அதன் மேல் நடு அடுக்கு, அதற்கும் மேல் நீங்கள் தைத்தது. சுருக்கம் நீவிவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரு கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்குக் குத்துங்கள்.

குவில்டிங்: இதுதான் இந்த வேலையின் சுகமான கட்டம். கொஞ்சம் தடித்த நூலில், எல்லா அடுக்கும் சேரும்படி, ஒவ்வொரு வரிசையின் நடுவிலும் ரன்னிங் ஸ்டிச் ஓடட்டும். குறுக்கே 8 கோடு, நெடுக்கே 8 கோடு. இங்கேயும் நடுவில் ஆரம்பித்து வெளியே போங்கள். இல்லையென்றால் நடுவில் உப்பிக்கொள்ளும். கடைசியில் நடு அடுக்கின் ஓரத்தை மேல் துணி அளவுக்கு நறுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் அடித்துணியை இரண்டு மடிப்பாக முன்பக்கம் திருப்பித் தைத்தால் ஓரமும் ரெடி.

எவ்வளவு நாள் ஆகும்? கை பழகாதவருக்கு ஒரு சதுரத்தை இன்னொன்றோடு சேர்க்கச் சுமார் 10 நிமிடம். அப்படி 56 இணைப்புகள், நாளுக்கு ஒன்று என்றால் 56 நாள். வரிசைகளைச் சேர்க்க ஒரு மாதம், குவில்டிங்குக்கு இரண்டு மாதம், ஓரத்துக்கு இரண்டு வாரம். தினமும் 15 நிமிடம் என்று வைத்தால் பொங்கலுக்கு ஆரம்பித்தது ஆனி மாதத்தில் முடியும். மொத்தம் ஏறக்குறைய 40 மணி நேரம்.

வீட்டில் குட்டீஸ் இருக்காங்களா?

அப்படின்னா ஊசி விஷயத்தில் கறார் வேண்டும். மூன்றே ஊசி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். சோபாவின் கைப்பிடியில் ‘சும்மா ஒரு நிமிஷம்’ குத்திவைக்கிற பழக்கமே கூடாது. இறுக்கி மூடும் டப்பா, எட்டாத உயரம். ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கும்வரை குழந்தையைத் தரையில் விட வேண்டாம்.

கைக்குழந்தைக்கான போர்வையில் மணி, பட்டன், சமிக்கி எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது மேலே போர்த்தவோ, முகத்துக்குப் பக்கத்தில் வைக்கவோ வேண்டாம். மூச்சுத்திணற வாய்ப்பு உண்டு. விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடுங்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கலாம். கலர் அடுக்குவது, நம்பர் ஒட்டுவது அவர்கள் பொறுப்பு. ஏழெட்டு வயதில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சாக்குத்துணியும் மொட்டை ஊசியும் கொடுத்துப் பழக்கலாம். பெண் பிள்ளைக்கு மட்டும் இல்லை, பையனுக்கும்தான். லக்னோவிலும் பரேலியிலும் ஜர்தோசி வேலை செய்பவர்களில் ஆண்கள் ஏராளம். உங்க தெருமுனை டெய்லரும் பெரும்பாலும் ஆண்தானே? கூலிக்குத் தைத்தால் ஆண் வேலை, வீட்டில் தைத்தால் மட்டும் பெண் வேலையா என்ன?

அந்த 15 நிமிடம் எங்கிருந்து வரும்?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். வித்தியாசம் 202 நிமிடம்!

நிறைய பேர் தூக்கத்தைக் குறைத்துத்தான் ஹாபிக்கு நேரம் ஒதுக்குகிறார்கள். அது ரொம்ப நாள் ஓடாது. அந்த 202-லிருந்து 15-ஐ எடுங்க. ‘ராத்திரி எட்டரைல இருந்து எட்டே முக்கால் வரைக்கும் நான் தைப்பேன். அந்த நேரத்துல பாத்திரம் நீ பார்த்துக்கோ’ என்று நேராகச் சொல்லுங்கள். சொல்லாமல் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்தால், போர்வை பீரோவிலேயே இருக்கும். இதைப் படிக்கிற நீங்கள் கணவராகவோ மகனாகவோ இருந்தால், பாராட்டைவிட அந்தக் கால் மணி நேரப் பாத்திரம்தான் பெரிய உதவி.

இன்னொரு கேள்வியும் வரும். ‘நல்லா இருக்கே, இதை வித்தா எவ்ளோ கிடைக்கும்?’ அன்பாகத்தான் கேட்பார்கள். ஆனால், கணக்கு போட்டுப் பாருங்கள். 40 மணி நேரம் தைத்த போர்வையை 500 ரூபாய்க்குக் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டரை ரூபாய். இதில் நூல் செலவு வேற. விற்பது தப்பில்லை. தைக்கிறவருக்கு விருப்பமும், வேலைக்கேற்ற விலையும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஆர்டர் என்று வந்ததும் தேதி வரும், அவசரம் வரும். வீட்டில் ஏற்கெனவே தேதி போட்ட வேலைகள் நிறைய இருக்கு. தேதி இல்லாத ஒரு வேலையாவது உங்களுக்கு இருக்கட்டுமே.

கண்ணும் கழுத்தும் முக்கியம்

வலது கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். அப்போதுதான் கையின் நிழல் தையலில் விழாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். தலையைத் துணிக்குக் குனியாமல், மடியில் ஒரு தலையணை வைத்துத் துணியை மேலே கொண்டுவாருங்கள். விரல் வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். இருட்டில் கறுப்புத்துணியில் தைக்கும் வீரம் வேண்டவே வேண்டாம்.

கோணல் வந்தால் என்ன?

வரும். முதல் வரிசையின் தையல் பெரிசாக இருக்கும், எட்டாவது வரிசையில் சின்னதாகி இருக்கும். பிரிக்காதீர்கள். நடுவில் காய்ச்சல் வந்த வாரம், பிள்ளைக்குப் பரீட்சை நடந்த மாதம், ஊருக்குப் போய்விட்டு வந்து கை மறந்துபோன நாள்... எல்லாம் தையலில் தெரியும். ரெண்டு மாசம் தொடவே இல்லை என்றாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். அது கெட்டுப்போகிற பொருள் கிடையாது.

முடித்த பிறகு இன்னும் ஒரே ஒரு வேலை. பழைய போர்வைகள் பலவற்றில் தைத்தவர் யார் என்று பெயரே இருக்காது. உங்க போர்வைக்கு அந்த நிலை வேண்டாம். பின்பக்க மூலையில், உங்களுக்குத் தெரிந்த பேக் ஸ்டிச்சில், உங்கள் பெயரையும் வருஷத்தையும் தமிழில் தைத்துவிடுங்கள். முப்பது வருஷம் கழித்து யாராவது அதை உதறி மடிக்கும்போது, யார் தைத்தது என்று கேட்காமலே தெரிந்துகொள்வார்கள்.